பால் வற்றக் கட்டிய பூ

இசக்கிச்செல்வியை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினாலும், அவளே விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தால்தான் மீன் சட்டிக்குள் போகும். ஜவுளிக்கடையில் சேலை முந்தியிலிருந்து நூலை உருவிப் பார்த்து, கடைப்பையனின் முறைப்பையும் சேர்த்து வாங்கி வருவாள். பிறந்த ஊர் புளியறை. செக்போஸ்டுக்குப் பக்கத்தில் அவள் அப்பா சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். லாரிக்காரர்களுக்கு இலை போட்டுச் சோறு வைத்து வளர்ந்த பிள்ளை. தின்றுவிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு நழுவப் பார்ப்பவனைத் தமிழிலும் மடக்குவாள், மலையாளத்திலும் மடக்குவாள்.

பன்னிரண்டாவது முடித்ததும் குற்றாலத்தில் ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடையில் சீசனுக்குச் சீசன் வேலைக்கு நின்றாள். முந்தாநாள் பொரித்ததைச் சுடச்சுட என்று கூவி விற்கச் சொன்னார் முதலாளி. "அண்ணாச்சி, ஒண்ணு சிப்ஸ மாத்துங்க, இல்ல கூப்பாட்ட மாத்துங்க" என்றாள். அந்தச் சீசனோடு வேலை போயிற்று. அதற்காக அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்பேர்ப்பட்டவள்தான், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போனில் வந்த அரைகுறைப் பேச்சைக் கேட்டு, பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையை மார்பிலிருந்து பிடுங்கினாள்.

அவளைக் கட்டிக்கொடுத்த இடம் இலத்தூர். மாப்பிள்ளை பெயர் கடற்கரை. பெயரில்தான் கடல், திருச்செந்தூருக்குப் போன நாட்களைத் தவிர அவன் கடலைக் கண்டதில்லை. முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு அடுத்தவர் வயலுக்கும் தோட்டத்துக்கும் பூச்சிமருந்து அடிப்பது தொழில். நெல், மா, மல்லிகை, எதுவானாலும் கூப்பிட்டால் போவான். முகத்தைச் சுற்றி ஒரு துண்டு, கவசமெல்லாம் அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அவன் மேலிருந்து வரும் மருந்து நெடி செல்விக்குக் குமட்டியது. எந்தச் சோப்பைப் போட்டாலும் போகாத நெடி. பிறகு பழகிவிட்டது. பழகியது மட்டும் இல்லை, சாயந்திரம் வாசலில் அந்த நெடி வந்தால் ஆள் பத்திரமாக வந்து சேர்ந்தான் என்று நிம்மதியாக அடுப்பைப் பற்றவைக்கப் போவாள். அவளுக்கு அது வீட்டு வாசனை.

அவளும் சும்மா இருந்தவள் இல்லை. பண்பொழிப் பக்கம் பீர் மைதீன் என்பவரின் மல்லிகைத் தோட்டத்தில் விடியுமுன் மொட்டுப் பறிக்கப் போவாள். வயிற்றில் பிள்ளை தங்காமல் பல வருடம் போயிற்று. திருமலைக் குமாரசாமி கோயில் படியை ஏறாத மாதமில்லை. ஊர்வாய் ஓய்ந்து, அவளே ஓய்ந்த பிறகு அபர்ணா பிறந்தாள். தலைநின்று கழுத்துத் திரும்புகிற பருவம். அம்மாவின் குரல் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் திரும்பி, பல்லில்லாத வாயைத் திறந்து சிரிப்பாள்.

பாலுக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளை ஒரு பக்கம் குடித்தால் மறுபக்கம் தானாக ஒழுகும். அதில் செல்விக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதனால்தான், ஆடி பிறக்குமுன் அங்கன்வாடிக்கு ஒரு கல்லூரியிலிருந்து வந்த பெண்மணி, தோட்ட வேலை செய்யும் வீடுகளில் தாய்ப்பாலைச் சோதித்துப் பார்க்கிறோம், கொஞ்சம் தருவீர்களா என்று கேட்டபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். அந்தப் பேராசிரியையின் பெயர் குருவம்மாள். "எங்க சின்னத்தைக்கும் அந்தப் பேருதான் மேடம். ஆனா அவ கைநாட்டு" என்று செல்வி சிரித்தாள். மேடமும் சிரித்தார். கண்ணாடிக் குப்பி நிறைந்ததும், "இது போதுமா, இன்னொரு குப்பி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தாள்.

அந்தச் சோதனையின் முடிவைச் சொல்லத்தான் வெள்ளிக்கிழமை போன் வந்தது. மேடத்தோடு குப்பிகளைச் சுமந்து வந்த புவனேஷ் என்ற பையன் பேசினான்.

"அக்கா, உங்க சாம்பிள் ரிசல்ட் வந்திருச்சு. பூச்சிமருந்து எச்சம் இருக்குன்னு காட்டுது. பயப்படாதீங்க. மேடம் திங்கக்கெழம நேர்ல வந்து விவரமா சொல்லுவாங்க."

பயப்படாதே என்று ஒருவன் சொன்ன பிறகு பயப்படாமல் இருக்க யாரால் முடியும்? "தம்பி, எம் பால்லயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றான். "அப்ப பிள்ளைக்குக் கொடுக்கலாமா, கூடாதா?"

"அத நான் சொல்லக்கூடாதுக்கா. மேடம்தான் சொல்லணும்."

மடியில் அபர்ணா கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தாள். வாயின் ஓரத்தில் பால் நுரைத்திருந்தது. செல்வி சுண்டுவிரலை அந்த வாய்க்குள் விட்டு, பிடியை விலக்கிப் பிள்ளையை எடுத்துவிட்டாள். அபர்ணா ஒரு நொடி திகைத்துப் பார்த்தாள். பிறகு வீரிட்டாள்.

திரும்பத் திரும்ப அந்த நம்பருக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. அவன் பஸ்ஸில் இருந்தானோ, வேறு வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தானோ, யார் கண்டது. மேடத்தின் நம்பர் அவளிடம் இல்லை.

அடுத்த வீட்டில் இருந்த நாத்தனார் ஜோதிலட்சுமி அழுகைச் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். கடற்கரையின் அக்கா. விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "படிச்சவுக சும்மாவா சொல்லுவாக? நேர்ல வந்து சொல்லுதோம்ங்காவன்னா பெரிய விசயமாத்தான் இருக்கும். கொடுக்காதட்டி. நான் போய் டப்பாப் பாலும் பாட்டிலும் வாங்கியாரேன்."

அபர்ணாவுக்குப் பாட்டில் பிடிக்கவில்லை. ரப்பர் உதட்டில் பட்டதும் முகத்தைத் திருப்பினாள். நாக்கால் தள்ளினாள். கொஞ்சம் உள்ளே போனதும் கக்கினாள். அம்மாவின் மாரை நோக்கியே தலையைத் திருப்பித் திருப்பி முட்டினாள். வாசனை தெரிகிறதே அவளுக்கு! செல்வி பிள்ளையை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

கடற்கரை சாயந்திரம் தோட்டத்திலிருந்து வந்தான். அக்கா சொல்லச் சொல்ல வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தபடியே கேட்டான்.

"நான் அடிக்க மருந்தாட்டி?"

செல்வி பதில் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். எது என்று அவளுக்கே தெரியாதே. அந்த ஒரு கேள்விக்கு அவள் வாயைத் திறக்காதது அவனை எப்படி அறுத்ததோ, அன்றைக்கு அவன் பிள்ளைப் பக்கம் வரவே இல்லை.

சனிக்கிழமை விடிந்தபோது மார்பு இரண்டும் கல்லாகிவிட்டன. அக்குள் வரை நெறி கட்டி, கையைத் தூக்க முடியவில்லை. காய்ச்சல் அடித்தது. பிள்ளை அழும் சத்தம் கேட்டாலே பால் பீறிட்டு ரவிக்கை நனைந்தது. அந்த ஈரத்தைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது, பயமாகவும் இருந்தது. நேற்றுவரை கர்வப்பட்ட பால்.

ஜோதிலட்சுமி தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நிறுத்துததுன்னா முழுசா நிறுத்திரணும். இப்படியே விட்டா பழுத்துச் சீழ் வச்சிரும். மல்லியப்பூவ வச்சுக் கட்டுவோம். வத்திரும்."

பால் வற்ற மல்லிகை மொட்டைத் துணியில் பரத்தி மார்போடு இறுக்கிக் கட்டும் வழக்கம் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். செல்வியும் பார்த்திருக்கிறாள். புளியறையில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை இறந்து பிறந்தபோது இப்படித்தான் கட்டினார்கள். அந்த அறை முழுக்கக் கல்யாண வீடு போல மணத்தது, அவள் மட்டும் சுருண்டு படுத்திருந்தாள்.

"பிள்ள இல்லாதவளுக்குக் கட்டுத பூவு மதினி அது" என்று செல்வி அழுதாள். "என் பிள்ள இங்கன உயிரோட கெடக்காளே!"

"உயிரோட கெடக்கணும்னுதானட்டி கட்டுதோம்."

கடற்கரை சைக்கிளை எடுத்துக்கொண்டு பீர் மைதீன் தோட்டத்துக்குப் போனான். ஒரு பை நிறைய மொட்டோடு வந்தான். நல்ல தடித்த மொட்டு. செல்வி வழக்கம்போல் ஒரு கை அள்ளி முகர்ந்தாள். மல்லிகை மணத்துக்கு அடியில் அந்த மருந்து நெடியும் இருந்தது. அவன் கொண்டுவரும் மாங்காயிலும் அந்த நெடி உண்டு, பிள்ளைக்கு வாங்கி வந்த கிலுகிலுப்பையிலும் உண்டு. அவன் கை பட்டால் அப்படித்தான். மீனை அழுத்திப் பார்க்கிறவள், நூலை உருவிப் பார்க்கிறவள், அதை வீட்டு வாசனை என்று விட்டுவிட்டாள்.

ஜோதிலட்சுமி இறுக்கிக் கட்டினாள். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பையில் மிச்சமிருந்த மொட்டை மாற்றிக் கட்டினாள். கல் கொஞ்சம் இளகியது. ஆனால் செல்விக்குத் தலை சுற்றியது. வாயில் தண்ணீராக ஊறியது, வியர்த்துக் கொட்டியது. பால்காய்ச்சல் அப்படித்தான் செய்யும் என்றாள் ஜோதிலட்சுமி. செல்வியும் நம்பினாள். தன் உடம்புக்கு என்ன செய்கிறது என்று நினைக்க அவளுக்கு நேரமில்லை, பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டி, சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடற்கரை மருந்தடிக்கப் போயிருந்தான். ஜோதிலட்சுமி தன் வீட்டில் உலை வைக்கப் போயிருந்தாள். வெளியே சாரல். காலையிலிருந்து அபர்ணா குடித்ததைவிடக் கக்கியது அதிகம். உச்சந்தலைக் குழி உள்வாங்கியிருந்தது. செல்வி அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடந்தாள். பிள்ளை தலையைத் திருப்பி அவள் கழுத்தைச் சப்பியது. கழுத்தை! எது கிடைத்தாலும் போதும் என்று.

பெற்றவளால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? விஷம் இருந்தாலும் இத்தனை நாள் குடித்து வளர்ந்ததுதானே, ஒரே ஒரு வாய், நாளைக்கு மேடம் வந்து திட்டினால் திட்டட்டும் என்று உட்கார்ந்தாள். கட்டை அவிழ்த்தாள். மொட்டுகள் தோலோடு ஒட்டிக் கசங்கிப் பழுப்பேறியிருந்தன. முந்தானையால் துடைத்துவிட்டுப் பிள்ளையை எடுத்து மாரில் வைத்தாள். அபர்ணா பாய்ந்து பிடித்தாள். பால் அதிகம் இல்லை, ஆனாலும் விடாமல் இழுத்தாள். வற்றிய மாரில் அந்த இழுப்பு வலித்தது. இரண்டு நாளில் முதல்முறையாகச் செல்விக்கு மூச்சு நன்றாக வந்தது.

பிள்ளை தூங்கிவிட்டதாகத்தான் முதலில் நினைத்தாள். பிறகு வாயிலிருந்து எச்சில் ஒழுகுவதைப் பார்த்தாள். துடைத்தாள், மறுபடியும் ஒழுகியது. நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. கையைத் தூக்கி விட்டால் தொப்பென்று விழுந்தது. மூச்சில் கர்கர் என்று ஒரு சத்தம்.

"மதினீ!" என்று அவள் போட்ட கூப்பாட்டுக்குத் தெருவே திரும்பியது.

எதிர்வீட்டுப் பிச்சுமணியின் ஆட்டோவில் ஏறினார்கள். தென்காசி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இலத்தூர் விலக்கைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. அருவியில் தண்ணீர் கூடிவிட்டதால் குளிக்கத் தடை போட்டு, குற்றாலத்துக்கு வந்த கூட்டத்தையெல்லாம் ஒரே நேரத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வேன், கார், பஸ் என்று கண்ணுக்கு எட்டிய வரை அடைத்து நின்றது. ஒரு வேனுக்குள் பாட்டுப் போட்டு ஈரத்தலையோடு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

செல்வி பிள்ளையை நாத்தனார் மடியில் வைத்துவிட்டு இறங்கினாள். தலைமுடி அவிழ்ந்து, ரவிக்கை நனைந்து, அவளைப் பார்க்கவே பயமாக இருந்திருக்கும். முன்னால் நின்ற வேனின் மூஞ்சியில் இரண்டு கையாலும் அடித்தாள். "எடுங்கலே! பிள்ள சாவுதுலே! ஓரமா எடுங்கலே!" லாரிக்காரர்களை மடக்கிய அதே குரல். பாட்டு நின்றது. ஆடினவர்களே இறங்கி முன்னால் ஓடி, வண்டிகளைத் தட்டித் தட்டி ஒதுக்கினார்கள். அவர்களைக் குறை சொல்லக்கூடாது, தெரிந்ததும் செய்தார்கள். ஆட்டோ ஓரத்து மண்ணில் சக்கரம் இறங்கி ஏறித் தென்காசிக்குள் நுழைந்தது.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஒருவர் பிள்ளையைக் கையில் வாங்கினார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. "என்ன கொடுத்தீங்க?" என்றார்.

"எம் பாலக் கொடுத்தேன் டாக்டர்" என்றாள் செல்வி. வார்டில் எல்லாரும் கேட்கும்படிதான் சொன்னாள். "எம் பால்ல விஷம் இருக்கு. சோதிச்சுச் சொல்லிட்டாங்க. தெரிஞ்சே கொடுத்தேன். நாந்தான் கொன்னேன்."

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துக்கொண்டே நர்ஸிடம் குழாயும் ஊசியும் எடுக்கச் சொன்னார். "அம்மா, பால்ல இருக்கிற எச்சம் இப்படி ஒரு மணி நேரத்துல பிள்ளைய மடக்காது. இது இப்பத்தான், நேரா வாய் வழியாப் போயிருக்கு. வீட்ல பூச்சிமருந்து இருக்கா? பாட்டில் எங்க வச்சுக் கழுவினீங்க? யோசிச்சுச் சொல்லுங்க, சீக்கிரம்."

செல்வி யோசித்தாள். ஒன்றும் ஓடவில்லை. அந்த நேரத்தில்தான் கடற்கரை வந்து சேர்ந்தான். அக்கா போன் போட்டதும் யார் பைக்கிலோ ஏறி வேலை உடுப்போடு வந்திருந்தான். நெடி தாங்காமல் நர்ஸ் அவனை வாசலிலேயே நிறுத்தினார். அங்கிருந்தே எட்டிப் பார்த்தான். டாக்டர் கேட்டது அவன் காதிலும் விழுந்தது.

"செல்வி" என்றான். குரல் அவன் குரலாகவே இல்லை. "பூவு கட்டினதுக்குப் பொறவா பால் கொடுத்த?"

"ஆமா."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். "அது நான் வெள்ளிக்கெழம சாயந்தரம் மருந்தடிச்ச வரிசையில உள்ள பூவுட்டி."

அவனே மேலே சொன்னான், டாக்டரைப் பார்த்தும் இல்லாமல் செல்வியைப் பார்த்தும் இல்லாமல். ஆவணி முகூர்த்த நாள், தோட்டத்தில் ஒரு மொட்டு மிச்சமில்லாமல் பறித்துக்கொண்டிருந்தார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தது. மருந்தடித்த வரிசையை மட்டும் பறிக்காமல் விட்டிருந்தார்கள், அதில் பறித்தான். "திங்குத பொருளா, தலையில வைக்கப் போறாளான்னு நெனச்சேன். நீதான் இனி பாலே கொடுக்க மாட்டேன்னியே. கட்டத்தானேன்னு நெனச்சேன்ட்டி."

அவன் நினைத்ததில் கணக்குப் பிசகவில்லை, அதுதான் கொடுமை. பால் கொடுக்காதவளுக்குத்தான் அந்தப் பூவைக் கொண்டுவந்தான். பூ எப்படிப்பட்டது என்று தெரியாதவள்தான் பால் கொடுத்தாள். இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"என்ன மருந்து? பேரச் சொல்லுங்க" என்றார் டாக்டர். சொன்னான். அடுத்த நிமிடம் பிள்ளைக்கு விஷமுறிவு ஊசி ஏறியது. ஒரு நர்ஸ் செல்வியை இழுத்துக்கொண்டு போய், துணியை அவிழ்த்து ஒரு கவரில் கட்டி, சோப்புப் போட்டுக் கழுத்திலிருந்து இடுப்பு வரை தேய்த்துக் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார். ஒட்டியிருந்த ஒன்றிரண்டு இதழ்களும் தண்ணீரோடு போயின. அவளுக்கும் ஒரு ஊசி போட்டார்கள்.

பிறகு காத்திருப்பு. கண்மணி விரிந்து, வாய் காய்ந்து, முகம் சிவந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றார் டாக்டர். மறுபடி ஊசி, மறுபடி டார்ச். செல்வி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பிள்ளையின் வாயையே பார்த்திருந்தாள். எத்தனையோ சாமிக்கு நேர்ந்தவள், அந்த நேரத்தில் ஒரு சாமியின் பெயரும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. எச்சில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய வேண்டுதல்.

விளக்குப் போடுகிற நேரத்துக்கு எச்சில் நின்றது. மூச்சில் இருந்த கர்கர் சத்தம் அடங்கியது. கன்னம் செக்கச் செவேலென்று ஆயிற்று. "பிழைச்சுக்கிட்டா" என்றார் டாக்டர். செல்வி அழவில்லை. ஜோதிலட்சுமிதான் சத்தம் போட்டு அழுதாள். கடற்கரை வெளியே குழாயடியில் சட்டையைக் கழற்றிப் போட்டு, அந்தச் சாரலில் வெற்றுடம்போடு நின்றான். செல்வி வந்து பார்த்தாள்.

"தெரிஞ்சே கொண்டாந்தியளே" என்றாள்.

அவன் தலையைத் தூக்கவில்லை. திட்ட வேண்டும் என்றால் அவனைத் திட்டலாம், கட்டச் சொன்ன நாத்தனாரைத் திட்டலாம், முகர்ந்தும் விட்ட தன் மூக்கைத் திட்டலாம். திட்டி முடித்த பிறகும் யாரோ ஒருவர் பாக்கி இருப்பது போல் அவளுக்குப் பட்டது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் பால் கொடுக்கலாம் என்றார். உடம்பிலிருந்து மருந்து இறங்கிவிட்டது, தாராளமாகக் கொடு, கொடுத்தால்தான் பிள்ளை தேறும் என்றார். சொல்வது சுலபம். பூ தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது. செல்வி அழுத்திப் பார்த்தாள், பிசைந்து பார்த்தாள், ஒரு சொட்டு வரவில்லை. பாலாடைக் கிண்ணத்தில் மாவுப்பாலைப் புகட்டிக்கொண்டு, இடையிடையே வெறும் மாரில் பிள்ளையை வைக்கச் சொன்னார் நர்ஸ். பிள்ளை சப்பச் சப்பத்தான் ஊறும், ஊறலாம், சிலருக்கு ஊறாமலும் போகலாம். அபர்ணா இழுத்துப் பார்ப்பாள், ஒன்றும் வராது, முகத்தைச் சுளித்து விட்டுவிடுவாள். விஷம் என்று செல்வி தானே தள்ளிவிட்ட பால், இன்று கேட்டால் வரவில்லை.

அன்று மத்தியானம் குருவம்மாள் மேடம் வார்டுக்குள் வந்தார். திங்கட்கிழமை வீட்டுக்குப் போய், பூட்டைப் பார்த்து, அக்கம்பக்கம் விசாரித்து வந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நடந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"செல்வி, உங்க பால்ல இருந்தது ரொம்பக் கொஞ்சம். அதுவும் பழைய மருந்து. நீங்க பிறக்கிறதுக்கு முன்னாடியே அடிச்சது. மண்ணுல தங்கி, மீன்ல, நெய்யில வந்து, நம்ம உடம்புக் கொழுப்புல வருசக்கணக்கா இருக்கும். எல்லாத் தாய்ப்பால்லயும் ஏதோ கொஞ்சம் இருக்கு. என் பிள்ளைக்கு நான் கொடுத்த பால்லயும் இருந்திருக்கும். அதையும் மீறித் தாய்ப்பால்தான் நல்லது. நிறுத்தவே கூடாது. அதைச் சொல்லத்தான் நான் திங்கக்கிழமை வரதா இருந்தேன்."

செல்வி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கொடுக்கலாம்னு ஒரு வார்த்த" என்றாள். "அந்தத் தம்பி அன்னைக்குப் போன்லயே சொல்லிருக்கலாம்லா?"

"அவன் வைத்திய யோசனை சொல்லக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன். தப்பாச் சொல்லிடக்கூடாதேன்னு."

"அவன் தப்பா ஒண்ணும் சொல்லல மேடம். இருக்குன்னு சொன்னான், இருக்கு. பாதியச் சொன்னான். அந்தப் பாதிய வச்சுக்கிட்டு மூணு நாளு நான் என்ன செய்வேன்னு ஒங்க யாருக்காவது தோணுச்சா? எம் பிள்ள கழுத்தச் சப்பினா மேடம். எங் கழுத்த." அவள் குரல் உயர்ந்தது, வார்டே திரும்பியது. அவள் தணிக்கவில்லை. "பால் கேட்டிய, கொடுத்தேன். பதில நான் கேட்டேன். நாளு குறிச்சுச் சொல்லுதேங்கிய!"

மேடத்துக்குக் கண் கலங்கியிருந்தது. "தப்பு என்னோடதுதான், செல்வி" என்றார். சாக்குச் சொல்லவில்லை. மற்ற அம்மாக்களுக்கு அன்றே தானே போன் போட்டுவிட்டதாகச் சொன்னார். இன்னும் இரண்டு பேர் நிறுத்தியிருந்தார்களாம்.

செல்வி அபர்ணாவை எடுத்து மடியில் போட்டு மறுபடியும் மாரில் வைத்தாள். எத்தனையாவது தடவையோ. பிள்ளை அலுப்போடுதான் பிடித்தாள், பிடித்து இழுத்தாள். மேடம் எழுந்தார், தயங்கினார், கைப்பைக்குள் கையை விட்டு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார்.

"கேட்கவே எனக்கு வாய் வரலை. ஆனா இந்தப் புது மருந்து பால்ல எத்தனை நாள் தங்குதுன்னு யாருக்கும் சரியாத் தெரியல. தெரிஞ்சா உங்களுக்கும் நல்லது, மத்தவங்களுக்கும் நல்லது. பால் வர ஆரம்பிச்சா கொஞ்சம்..."

அப்போது மாருக்குள் சுரீரென்று ஒரு நரம்பு இழுத்தது. செல்விக்குத் தெரிந்த வலி. அபர்ணாவின் தாடை ஒரு கணம் நின்றது, பிறகு அவள் தொண்டை ஏறி இறங்கியது. ஒரு மடக்கு. செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இன்னொரு மடக்கு. கண்ணீர் தாரை தாரையாக வழிந்து பிள்ளையின் நெற்றியில் விழுந்தது, துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

"தாரேன் மேடம், தரமாட்டேன்னு சொல்லல" என்றாள். "ஆனா மொதல்ல இவ குடிப்பா. வயிறு நெறஞ்சு, இவளா வேண்டாம்னு மூஞ்சியத் திருப்பட்டும். அதுக்குப் பொறவுதான் ஒங்க குப்பி. அதுலயும் என்ன இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கே, கொடுக்கலாமா கூடாதான்னு சேத்து நீங்களே எங்கிட்டச் சொல்லணும். திங்கக்கெழம கதையெல்லாம் எங்கிட்ட ஆகாது."

மேடம் தலையாட்டிவிட்டு, அங்கேயே நின்றபடி தன் நம்பரைச் சொன்னார். பிள்ளையிடமிருந்து பார்வையை எடுக்காமல், செல்வி கட்டிலின் கால்மாட்டில் நின்ற கடற்கரையிடம் அதை எழுதிக்கொள்ளச் சொன்னாள்.